டைனிங் ஹாலில் இருந்தவர்கள்

'தி மிஸ்ட்' படத்தில் விதவிதமான பூதங்கள் வருகின்றன. சாமான் இறக்கும் ஷட்டருக்கு அடியில் புகுந்து ஒரு பையனை இழுத்துக்கொண்டு போகும் கைகள், ராத்திரி கண்ணாடியில் வந்து அப்பிக்கொள்ளும் பூச்சிகள், பக்கத்து மருந்துக்கடைக்குள் வலை பின்னி வைத்திருக்கும் சிலந்திகள், கடைசியில் தலை எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு உயரமான ஒரு மிருகம். இவற்றில் எதுவும் என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. கெடுத்தது படத்தின் ஆரம்பத்திலேயே வரும் ஒரு சாதாரணக் காட்சி.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். முந்தின நாள் ராத்திரி பெரும் புயல். காலையில் ஜனங்கள் சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்திருக்கிறார்கள். வெள்ளைப் பனி வந்து கடையை மூடிக்கொள்கிறது. பனிக்குள் ஏதோ இருக்கிறது என்று மூக்கில் ரத்தத்தோடு ஒருவர் ஓடிவந்து சொல்கிறார். கதவைச் சாத்துகிறார்கள். அப்போது ஒரு அம்மா, நான் வீட்டுக்குப் போகணும் என்கிறார். எட்டு வயசு மகளை நம்பி சின்னப் பையனை விட்டுவிட்டு வந்திருக்கிறார். யாராவது என்கூட வீடுவரைக்கும் வருவீங்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்கிறார். கதாநாயகனையும் கேட்கிறார். அவன் கையில் அவனுடைய மகன். யாரும் வாய் திறக்கவில்லை. நாசமாப் போங்க என்று சபித்துவிட்டு அந்த அம்மா தனியாக அந்த வெள்ளைக்குள் நடந்து போகிறார்.

இதுவரை யாரும் யாரையும் கொல்லவில்லை. மதவெறி பிடித்த திருமதி கார்மொடி இன்னும் பிரசங்கத்தை ஆரம்பிக்கவில்லை. நரபலி கிடையாது. ஆனால் படம் இங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். மீதி இருக்கும் ஒன்றரை மணிநேரமும் அந்த மௌனத்துக்கான விளக்கவுரைதான்.

இந்தப் படத்தை நான் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பனின் லேப்டாப்பில் பார்த்தேன். ஃப்ராங்க் டாராபான்ட் 2007-ல் எடுத்தது. ஸ்டீபன் கிங் 1980-ல் வெளியிட்ட குறுநாவல்தான் மூலம். கூடப் பார்த்தவர்கள் எல்லோரும் கிளைமாக்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த அம்மாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம், அதே கேள்வியை அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் நேரில் கேட்டிருந்தேன்.

*

அந்த ராத்திரிக்குப் போவதற்கு முன்னால் நம்முடைய பேய்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

தமிழ்ப் பேய்க்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அதற்குப் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், அதை யாரோ ஏமாற்றியிருப்பார்கள், கொன்றிருப்பார்கள். 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் ஆவி வருவது பறிபோன நிலத்துக்கும் உயிருக்கும் நியாயம் கேட்டு. இடைவேளைக்குப் பிறகு ஃப்ளாஷ்பேக் வரும், நாம் பேயின் கட்சிக்கு மாறிவிடுவோம். ஒரு வகையில் நம் பேய் கடன்காரன் மாதிரி. வாசலில் வந்து நின்று கத்தும். ஆனால் யார் வாசல் என்பது அதற்குத் தெளிவாகத் தெரியும். பாக்கியைத் தீர்த்தால் போய்விடும்.

திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த ஒருவர் இந்தக் கணக்குவழக்கு இல்லாத ஒரு பேய்க்கதை எழுதியிருக்கிறார். புதுமைப்பித்தன். வேலை காரணமாக அவருடைய அப்பா இங்கே இருந்தபோது பிறந்தவர், வளர்ந்ததும் வேறு ஊர்களில்தான். இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அவரை விட்டுக்கொடுக்கமாட்டோம். அவருடைய 'காஞ்சனை'யில் ஒரு எழுத்தாளன் வீட்டுக்கு ஒரு பெண் வேலைக்கு வந்து சேர்கிறாள். அவள் யார், எதற்கு வந்தாள், வந்தது உண்மையிலேயே பேயா, எதையும் கதை தீர்த்து வைப்பதில்லை. படித்து முடித்தபின் தெருவில் போகிற யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கும். ஆனாலும் அது ஒரு வீட்டின் கதை. ஊருக்கே வந்த கதை இல்லை.

ஊரையே அடைத்துப்போடும் மிருகங்கள் நம் சினிமாவில் அபூர்வம். 'மிருதன்' 2016-ல் ஊட்டியில் ஜோம்பிகளை இறக்கியது. பெரிய வரிசையாக அது வளரவில்லை. ஏன் என்று யோசித்தால், காரணம் இல்லாமல் வந்து தாக்குகிற ஒன்றை நாம் கதையாக ஏற்றுக்கொள்வதில்லை என்று தோன்றுகிறது. 'தி மிஸ்ட்' மிருகங்களுக்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது. ராணுவம் ஏதோ ஆராய்ச்சி செய்து வேறொரு உலகத்தின் கதவைத் திறந்துவிட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த மிருகங்களுக்கு மெயின் மாநிலத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை. அவற்றுக்குப் பசி, அவ்வளவுதான். நம் பெயர்கூட அவற்றுக்குத் தெரியாது.

பெயர் தெரியாமல் வருவது என்றால் என்ன என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரின் பழைய கதையில் கடலுக்கு ஆள் அடையாளம் தெரியும். பல்லவ மன்னன் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டான், கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்த்தது. கரையேறவிட்ட குப்பம் என்று அந்த இடத்துக்குப் பெயரே இருக்கிறது. பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லப்படும் கதை இது. 2004 டிசம்பர் 26 காலையில் அதே கடல் தேவனாம்பட்டினத்துக்குள் வந்தது. மாவட்டம் முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைக்கு அது யாரையும் அடையாளம் பார்க்கவில்லை.

*

ஏழு வருஷம் கழித்து, 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் காற்று. 'தானே' என்பது மியான்மர் கொடுத்திருந்த பெயர். எங்களுக்கு அது சுத்தமான தமிழ்ச்சொல்லாகவே காதில் விழுந்தது. தானே வந்துச்சு, தானே போச்சு என்று அப்புறம் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். யாரும் அனுப்பி வைக்காமல், யார்மேலும் கோபமில்லாமல் வருகிற ஒன்றுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

29-ம் தேதி சாயங்காலத்திலிருந்தே மெழுகுவத்தி, பால் பாக்கெட், பிரெட் வாங்கக் கடைகளில் கூட்டம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஓட்டு வீடுகள், சிலது ஆஸ்பெட்டாஸ் ஷீட் போட்டவை. தெருமுனையில் ஒரு பழைய கல்யாண மண்டபம் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சாவி வாங்கித் திறந்துவிட்டார்கள். நாங்கள் பாய், போர்வை, ரேஷன் கார்டு வைத்திருந்த மஞ்சப்பை சகிதம் போய்ச் சேர்ந்தோம். அப்போது நான் பிளஸ் டூ.

மண்டபத்தில் இரண்டு கூடங்கள். மேடை வைத்த பெரிய ஹால். அதற்குப் பின்னால், ஒரு நடை தாண்டி, டைனிங் ஹாலும் சமையற்கட்டும். பெரிய ஹாலுக்குக் கான்கிரீட் தளம். டைனிங் ஹாலுக்குத் தகரம்.

பத்து மணிவாக்கில் ரயில்வே லைன் ஓரத்துத் தெருவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. இருபது பேருக்கு மேல் இருக்கும். கூரை வீடுகள் அவர்களுடையவை. அந்தத் தெருவை எங்கள் தெருவில் எந்தப் பெயரால் சொல்வார்கள் என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை, வாசிப்பவர்களுக்கே தெரியும். வாசலில் கொஞ்சம் பேச்சு நடந்தது. "உங்களுக்கு ஸ்கூல் ஒதுக்கியிருக்குன்னு சொன்னாங்களே" என்றார் ஒருவர். "அங்க போனா கதவு பூட்டிக் கெடக்குதுண்ணே. மழைல எங்க போறது?" என்று பதில் வந்தது. சண்டை இல்லை. யாரும் கதவைச் சாத்தவில்லை. உள்ளே வந்தார்கள். வந்து, யாரும் எதுவும் சொல்லாமலே, பெரிய ஹாலின் ஓரமாக நடந்து, நடையைத் தாண்டி, டைனிங் ஹாலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாராவது "அங்க போங்க" என்று கை காட்டியிருந்தால் அது ஒரு சம்பவம், யாரையாவது குற்றம் சொல்லலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போவது மாதிரி ஜனங்கள் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய ஹாலில் இன்னும் முப்பது பேர் தாராளமாகப் படுக்கலாம், அவ்வளவு இடம் இருந்தது.

*

கரண்ட் பத்தரைக்குப் போனது. அதற்குப் பிறகு காற்றின் சத்தம்தான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ரயில் சத்தம் தாலாட்டு மாதிரி, அது வரும், வீட்டை ஒரு ஆட்டு ஆட்டும், போய்விடும். இது போகாத ரயில். வந்துகொண்டே இருந்தது. எங்கோ ஷீட் பிய்ந்து பறக்கும், சுவரில் மோதும். ஒவ்வொரு சத்தத்துக்கும் "அது நம்ம வூடு" என்று யாராவது சொல்வார்கள்.

ஒரு மணி இருக்கும். எங்கள் தெரு ஆயா ஒருவர் பேச ஆரம்பித்தார். ஆயாவை நான் திருமதி கார்மொடி என்று சொல்லமாட்டேன். கையில் பணம் இல்லாத பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தருகிற ஆயா அது. பயத்தில் பேசியது.

"ஆடி மாசம் ஆத்தாவுக்குக் கூழு ஊத்துனீங்களா? ஊர்வலம் போச்சா? அவ கோவம்டா இது."

அந்த வருஷம் கூழ் ஊற்றவில்லை என்பது உண்மை. ஊர்வலம் ரயில்வே லைன் தெருவுக்குள்ளும் வரவேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். பேச்சு முற்றி, இரண்டு தரப்பும் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய், கடைசியில் திருவிழாவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

ஆயா யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலைந்து தலைகள் நடைப்பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். காற்றுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணத்துக்கு ஒரு விலாசமும் கிடைத்துவிட்டது. அது பதினைந்து அடி தூரத்தில் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

பல வருஷம் கழித்து காந்தியின் ஒரு பேச்சைப் படித்தபோது ஆயா ஞாபகம் வந்தது. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரிய பூகம்பம். காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். பீகாரில் நடந்தது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசினார். தாகூர் அதை மறுத்து எழுதினார். இயற்கையின் நிகழ்வை மனிதரின் ஒழுக்கக் கணக்கோடு முடிச்சுப் போடாதீர்கள், நம் ஜனங்கள் ஏற்கெனவே இப்படி நம்பத் தயாராக இருக்கிறார்கள் என்பது அவருடைய கவலை. காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார்.

காந்தி சொன்னதும் ஆயா சொன்னதும் நேரெதிர். ஒருவர் ஒதுக்கியதற்குத் தண்டனை என்கிறார், மற்றவர் ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே வரக் கேட்டதற்குத் தண்டனை என்கிறார். ஆனால் இரண்டுக்கும் ஒரே வாய்ப்பாடு. பூமிக்கும் காற்றுக்கும் நம் கதை தெரியும் என்ற நம்பிக்கை. அந்த வாய்ப்பாடு யார் கையில் கிடைக்கிறதோ அவர்களுக்கு வேண்டிய விடையைக் கொடுக்கும். தாகூர் பயந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். நல்ல காரணத்துக்காகப் பழக்கிவிட்டால் கெட்ட காரணத்துக்கும் அது ஓடும்.

சூப்பர் மார்க்கெட்டில் திருமதி கார்மொடி ஜெயிப்பதும் இப்படித்தான். முதல் நாள் அவரைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். காரணம் சொல்ல வேறு யாரும் இல்லாதபோது, காரணம் சொல்கிற ஒரே ஆள் பக்கம் கூட்டம் நகர்கிறது. இரண்டாம் நாள் ஒரு இளம் ராணுவ வீரனைக் கத்தியால் குத்திக் கதவுக்கு வெளியே தள்ளுகிறார்கள்.

எங்கள் மண்டபத்தில் யாரையும் தள்ளவில்லை. "சும்மா கெட ஆயா, புள்ளைங்க பயப்படுது" என்று யாரோ அதட்டினார்கள். ஆயா முணுமுணுத்துக்கொண்டே படுத்துவிட்டார். திரும்பிய தலைகள் மறுபடி இந்தப் பக்கம் திரும்பின.

*

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நடையிலிருந்து ஒரு அக்கா வந்து பெரிய ஹாலின் நிலைப்படியில் நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை.

"அண்ணே, மாமனாரு வூட்லயே இருக்காரு. எந்திரிச்சி நடக்க மாட்டாரு. எங்க வூட்டுக்காரரு வெளியூரு போயிருக்காரு. இவங்க ரெண்டு பேரு போயி ட்ரை பண்ணாங்க, தூக்க முடியல. இன்னும் ரெண்டு ஆளு வந்தா தூக்கிடலாம்."

அவ்வளவுதான் கேட்டார். பெரிய ஹாலில் விழித்திருந்த ஆம்பளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். 'தி மிஸ்ட்'டின் மௌனம் எனக்குப் பழக்கமானதாகத் தோன்றியது இதனால்தான். எத்தனை நொடி என்று தெரியாது. காற்றில் அக்காவின் புடவை முந்தானை நடையிலிருந்து ஹாலுக்குள் பறந்து பறந்து வந்தது.

அப்பா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டைத் தலையில் இறுக்கிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கினார். அம்மா, "எங்க போறீங்க, ஷீட்டு பறக்குது" என்று கையைப் பிடித்தார். "வந்துடறேன்" என்றார். பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணனும் எழுந்தார். டைனிங் ஹாலிலிருந்து இரண்டு பேர். நாலு பேர் போனார்கள்.

முக்கால் மணிநேரம். அம்மா பாடலீஸ்வரா, பாடலீஸ்வரா என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது நாலு பேரும் சேறு. சேரில் உட்காரவைத்துக் கயிறு போட்டுக் கட்டி, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கி வந்திருந்தார்கள். வழியில் ஒரு புங்கமரம் விழுந்து கிடந்ததாம், சுற்றிக்கொண்டு வந்தார்களாம். ஆட்டோ அண்ணனுக்கு நெற்றியில் ரத்தம். சேரில் இருந்த தாத்தாவுக்கு உயிர் இருந்தது. "தண்ணி" என்று கேட்டார்.

அப்பா அந்தச் சேரைப் பெரிய ஹால் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார். ஹாலில் அவ்வளவு இடம் கிடந்தது, தளம் ஒழுகாத இடம். நிற்கவில்லை. நடையைத் தாண்டி டைனிங் ஹாலின் வாசலில் இறக்கி வைத்தார். அங்கே ஏற்கெனவே தகரம் ஒரு மூலையில் கிளம்பிச் சொட்டிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டுத் திரும்பி வந்து எங்கள் பாயில் உட்கார்ந்தார். அம்மா துண்டால் அவர் தலையைத் துவட்டினார்.

இந்த இரண்டு காரியத்தையும் செய்தது ஒரே ஆள். உயிரைப் பணயம் வைத்துப் போனவரும், சேரை எங்கே இறக்குவது என்று யோசிக்காமலே தெரிந்து வைத்திருந்தவரும் ஒருவரே. ஒன்றை வைத்து மற்றதை அழித்துவிட என்னால் முடியவில்லை. அப்பா நல்லவர் என்று சொல்லி முடித்தால் டைனிங் ஹால் வாசல் மறைந்துவிடும். சாதி பார்த்தவர் என்று சொல்லி முடித்தால் அந்த முக்கால் மணிநேரம் மறைந்துவிடும். சில வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன். "ஏம்பா, அவர ஹால்லயே படுக்க வச்சிருக்கலாமே?" அப்பா உண்மையிலேயே யோசித்தார். அப்புறம், "அவங்க ஆளுங்க அங்கதான இருந்தாங்க, அங்க விட்டேன்" என்றார். அது சரியான பதில்தான். அதனால்தான் அது பதிலாக இல்லை.

*

சிக்கிக்கொண்ட ஜனங்களைப் பற்றிய படங்கள் எல்லாமே ஒரே வாதத்தைத்தான் வேறுவேறு விதமாகச் சொல்கின்றன. வெளியே இருக்கும் மிருகத்தைவிட உள்ளே இருப்பவர்கள் பயங்கரமானவர்கள். 'தி மிஸ்ட்'டில் இதை வாய்விட்டே விவாதிக்கிறார்கள். மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்று ஒரு பெண் சொல்கிறாள். விளக்கு எரியும்வரைக்கும், போலீசைக் கூப்பிட முடியும்வரைக்கும்தான் என்று கதாநாயகன் சொல்கிறான். இருட்டில் வைத்துப் பயமுறுத்தினால் எல்லோரும் மாறிவிடுவார்கள் என்பது படத்தின் கட்சி.

எங்கள் மண்டபத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு இதில் சம்மதமில்லை. விளக்கு அணைந்தது, போலீசைக் கூப்பிட முடியாது, வெளியே சாவு. பன்னிரண்டு மணிநேரத்தில் நாங்கள் யாரும் மிருகமாக மாறவில்லை. யாரும் எதுவாகவும் மாறவில்லை. அதுதான் விஷயம். வெளிச்சத்தில் யார் எங்கே உட்காருவோமோ இருட்டிலும் அங்கேயே உட்கார்ந்தோம். உலகமே பிய்த்துக்கொண்டு போகிற சத்தத்திலும் அந்த நடை மட்டும் அசையவில்லை. பயம் மனிதரின் முகமூடியைக் கழற்றிவிடும் என்கிறார்கள். எங்கள் ஊரில் கழற்ற எதுவும் இல்லை, எல்லாம் பகலிலேயே தெரிவதுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கி வரும் படம் 'ட்ரெயின் டு பூசான்' (2016). ஜோம்பிகளைத் தாண்டி உயிர் தப்பி வருகிறவர்களை ஒரு பெட்டிக்காரர்கள் உள்ளே விட மறுக்கிறார்கள். கதவை உடைத்து வந்தபிறகும், பெட்டிகளுக்கு நடுவே இருக்கிற இடத்தில் போய் இருங்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தொற்று இருக்கலாம் என்பது சாக்கு. தியேட்டரில் எல்லோருக்கும் அந்தக் காட்சியில் ரத்தம் கொதித்திருக்கும். கொரிய ரயிலில் அது ஒரு புதிய அநியாயம், அன்றைக்கு உருவானது, ஒருவர் கத்தி ஆரம்பித்து வைத்தது. நமக்கு அந்தத் தீட்டும் பழசு, ஒதுக்குகிற இடமும் பழசு, கத்த ஒருவர் தேவையே இல்லை.

அதற்கும் முன்னால், 1968-லேயே, ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார். பண்ணை வீட்டுக்குள் அடைபட்டவர்களில் ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடிப்பவன் ஒரு கறுப்பின இளைஞன் மட்டும். விடிந்ததும் காப்பாற்ற வந்த கும்பல் அவனை நடைப்பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. பூதங்களிடமிருந்து பிழைத்தவன் ஊர்க்காரர்களிடமிருந்து பிழைக்கவில்லை. எனக்கு ரொமேரோவைத்தான் கூடுதலாக நம்பத் தோன்றுகிறது. அவருக்கு ராத்திரியைவிடக் காலைதான் முக்கியம்.

எங்களுக்கும் காலைதான் வந்தது. ஏழு மணிவாக்கில் உச்சத்தில் அடித்த காற்று பத்து மணிக்குள் ஓய்ந்தது. வெளியே வந்தால் தெருவே தெரியவில்லை, மரங்களும் மின்கம்பங்களும்தான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்திருந்தன. தலைமுறையாக வளர்த்த மரங்கள் ஒரே ராத்திரியில் விறகாகிவிட்டன. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர்ப்பக்கங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மண்டபத்தில் இருந்த அரிசியை டைனிங் ஹால் பெண்கள் கஞ்சியாகக் காய்ச்சினார்கள், சமையற்கட்டு அவர்கள் பக்கம் இருந்ததால். அன்றைக்கு எங்கள் தெருவும் அதைத்தான் குடித்தது. ஆயாவும் குடித்தார். பசி எங்கே கோடு போட்டாலும் அழித்துவிடும் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் நிவாரணம் கொடுத்தபோது இரண்டு தெருவுக்கும் தனித்தனி வரிசை. இதுவும் புதுசில்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதைப் பத்திரிகைகள் அப்போதே எழுதின. அதே நாட்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குப்பத்து ஜனங்களுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டதும் நடந்தது. இரண்டும் ஒரே கடற்கரை, ஒரே வாரம்.

*

'தி மிஸ்ட்'டின் முடிவைப் பலரும் திட்டுவார்கள். கிங்கின் குறுநாவலில் அப்படி முடிவதில்லை. அங்கே காரில் தப்பிப் போகிறவர்களுக்கு வானொலியில் ஒரு ஊரின் பெயர் கேட்ட மாதிரி ஒரு துளி நம்பிக்கை மிஞ்சும். டாராபான்ட் அதை மாற்றினார். காரில் ஐந்து பேர், துப்பாக்கியில் நாலு தோட்டா. பெட்ரோல் தீர்ந்ததும் கதாநாயகன் தன் மகன் உட்பட நாலு பேரையும் சுட்டுவிட்டு, தான் சாக வெளியே இறங்கி நிற்கிறான். பனி விலகுகிறது. வருவது மிருகம் இல்லை, ராணுவம். மீட்கப்பட்டவர்களை ஏற்றிய வண்டி ஒன்று அவனைக் கடந்து போகிறது. அதில் அந்த அம்மா, இரண்டு பிள்ளைகளோடு. அவர் அவனைப் பார்க்கிறார்.

கொடூரத்துக்காகச் சேர்த்த முடிவு என்றார்கள் என் நண்பர்கள். எனக்கு அது கணக்கைத் திருத்திய மாதிரி இருந்தது. கூடவே போயிருந்தால் அவனும் அவன் மகனும் பிழைத்திருப்பார்கள் என்று படம் உறுதி சொல்லவில்லை. அங்கிருந்தவர்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அந்த அம்மா ஒருவர்தான் என்று சொல்கிறது. மற்றவர்கள் வெளியே என்ன இருக்கிறது, ஏன் வந்தது, யார் செய்த பாவம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது, என்கூட யார் வருவீங்க?

எங்கள் மண்டபத்து அக்காவும் அதையேதான் கேட்டார். அவருக்கு நாலு பேர் கிடைத்தார்கள், மாமனார் பிழைத்தார், அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். சூப்பர் மார்க்கெட்டைவிட நாங்கள் ஒரு படி மேல் என்று இதை வைத்துப் பெருமைப்படலாம். ஆனால் அந்த அக்கா கேட்டது நிலைப்படிக்கு வெளியே நின்று. உள்ளே வந்து கேட்கமுடியாத ஒருவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும். அன்றைய ராத்திரியில் அப்பாவின் தைரியத்தைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். காற்றுக்குள் போகிற தைரியம் அது. நிலைப்படியில் வந்து நிற்கிற தைரியத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் பெருகி வந்த வெள்ளம் கடலூரில் ஆற்றோரத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நான் வெளியூரிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சோடு பேச்சாக அப்பா பழைய மண்டபத்தைப் பற்றிச் சொன்னார். அதை இடித்துப் புதுசாகக் கட்டிவிட்டார்கள். முழுக்க ஏ.சி., லிஃப்ட் வசதி, தகரம் எங்கேயும் கிடையாது. ஹால் மாடியில், டைனிங் ஹால் கீழே.

"வெள்ளம் வந்தா கீழதாம்பா மொதல்ல ரொம்பும்" என்றேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமா" என்றார் அப்பா.